கொழுந்துக் கணக்கும் மூலநிரலும்

மென்பொருள் எழுதி விற்றுப் பிழைக்கும் ஒரு சிறு தொழில், அந்த மென்பொருளின் மூலநிரலை எல்லோரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கலாமா? இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. 1976இல் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். காசு கொடுக்காமல் படியெடுத்துக்கொண்டே போனால் நல்ல நிரல் எழுத யார் முன்வருவார் என்பது அவர் கேள்வி. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். தான் பயன்படுத்தும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் ஒருவருக்கு உரிமை இல்லாதிருப்பதே அநியாயம் என்றார் அவர். பின்னர் வந்த விடைகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன. அவற்றில் பல அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை.

டயகமவில் வைத்துக் கேட்டால் அந்த விடைகளின் எடை மாறுகிறது. ஹோட்டன் சமவெளிக்குக் கீழே, அக்கரப்பத்தனையைத் தாண்டித் தேயிலை மலைகளுக்குள் இருக்கும் இடம் அது. அங்கே கணினி படித்த இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் தொழில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த, உள்ளூரில் தேவையும் உள்ள வேலை எதுவாக இருக்கும்? கொழுந்து நிறுவைக் கணக்கு, செக்ரோல் என்னும் தொழிலாளர் வரவுப் பதிவேடு, சம்பளச் சீட்டு. இப்படி ஒரு தொழிலையே உரைகல்லாக வைத்து, இதுவரை சொல்லப்பட்ட விடைகளை இக்கட்டுரை உரசிப் பார்க்கிறது.

உரிமை என்னும் விடை

ஸ்டால்மனின் வாதம் அறம் சார்ந்தது. நிரலை இயக்க, படிக்க, திருத்த, பிறருக்குக் கொடுக்கப் பயனருக்கு உரிமை வேண்டும். அந்த உரிமை கைமாறும்போது தொலைந்துவிடாதபடி காக்கவே ஜி.பி.எல். என்ற உரிமம் எழுதப்பட்டது. காசு வாங்குவதை இந்த வாதம் எதிர்க்கவில்லை. ஸ்டால்மனே 1985இல் ஈமேக்ஸ் நிரலை நாடாவில் பதிந்து 150 டொலருக்கு விற்றவர். 1989இல் மூன்று பேர் 6,000 டொலரோடு தொடங்கிய சிக்னஸ் என்ற கம்பனி, கட்டற்ற மென்பொருளைப் பராமரித்துக் கொடுப்பதையே தொழிலாக்கி வளர்ந்தது. பத்தாண்டு கழித்து அதை ரெட் ஹட் வாங்கியது.

இந்த விடையின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பயனரின் உரிமையைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசும் இது, எழுதியவரின் மாத வருமானத்தை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறது. சிக்னஸின் வாடிக்கையாளர்கள் சில்லுத் தயாரிப்பாளர்களும் பெரிய கம்பனிகளும். பராமரிப்புக்குக் கட்டணம் கொடுப்பது அவர்களுக்கு வழமை. மென்பொருளை ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயுள் முழுக்க இலவசமாகத் திருத்தித் தர வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாடிக்கையாளரிடம் அதே வழி செல்லுமா என்பது சந்தேகத்துக்குரியது.

பல கண்கள்

எரிக் ரேமண்ட் 1997இல் முன்வைத்த கட்டுரை இரண்டாவது விடையின் ஊற்று. பலர் பார்த்தால் பிழைகள் விரைவில் அகப்படும். ஆகவே திறந்த நிரலே தரமான நிரல் என்பது அதன் சாரம். 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் தன் உலாவியின் நிரலைத் திறப்பதாக அறிவித்ததும், அடுத்த மாதமே 'திறந்த மூலம்' என்ற பெயர் பிறந்ததும் இந்தச் சிந்தனையின் வெற்றிகள். உரிமை என்ற சொல்லுக்குத் தயங்கிய வணிகர்களுக்குத் தரம் என்ற சொல் இதமாக இருந்தது.

ஆனால் கண்கள் தாமாக வருவதில்லை. உலக இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓபன் எஸ்.எஸ்.எல். நிரலில் 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, அதில் முழுநேரமாக உழைத்துக்கொண்டிருந்தவர் ஒருவரே. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சிறு நிரலில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர் திருட்டுவாசல் வைத்திருந்தது தெரியவந்தது. அதைக் கண்டுபிடித்த பொறியாளரின் கவனத்தை இழுத்தது, உள்நுழைவில் அரை விநாடித் தாமதம். நிரல் திறந்திருந்ததால் அதைத் தோண்டிப் பார்க்க முடிந்தது என்பதும் உண்மை. அதற்கு முன் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பதும் உண்மை. உலகப் புகழ்பெற்ற நிரல்களுக்கே இந்த நிலை. தேயிலைத் தோட்டச் செக்ரோலைத் திறந்து வைத்தால் வெளியிலிருந்து திருத்தக்காரர்கள் திரண்டு வருவார்கள் என்று கணக்குப் போடுவது விவேகமாகாது.

இலங்கை கண்ட அனுபவம்

இந்தக் கேள்விக்கு இலங்கையிலேயே கனமான சான்றுகள் இருக்கின்றன. அவை நம்மிடையே போதிய அளவு பேசப்படுவதில்லை.

2003இல் தொடங்கப்பட்ட லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன், இங்குள்ள பொறியாளர்களை உலகத் திறந்தமூலத் திட்டங்களில் பங்குகொள்ள வைக்கும் நோக்கம் கொண்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவுசெய்யத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் 'சகானா'வை எழுதினார்கள். நிரல் திறந்திருந்ததால் அது 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் கைகொடுத்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும் சகானா ஒரு தொழிலாக நின்றதில்லை. கொடையாலும் தன்னார்வத்தாலும் வாழ்ந்தது. திறந்த நிரல் எல்லை தாண்டிப் பயணிக்கும் என்பதற்கு அது சான்று. திறந்த நிரல் வீட்டு அடுப்பை எரிக்கும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

அடுப்பை எரித்துக் காட்டியது 2005இல் சஞ்சீவ வீரவர்ண, போல் ஃப்ரீமன்டில், தவனும் ஸ்ரீனிவாஸ் ஆகியோர் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2. வெவ்வேறு கணினி முறைமைகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் அதன் மென்பொருள்கள் அப்பாச்சி உரிமத்தில் திறந்து வைக்கப்பட்டன. வருமானம் பராமரிப்புச் சந்தாவிலிருந்து வந்தது. பொறியாளர்களில் பெரும்பாலானோர் கொழும்பில் இருந்தார்கள். இ-பே போன்ற பெருங்கம்பனிகள் வாடிக்கையாளர்கள். 2024இல் ஈ.க்யூ.டி. என்ற முதலீட்டு நிறுவனம் 600 மில்லியன் டொலருக்கும் அதிகமான மதிப்பில் அதை வாங்க உடன்பட்டது. கொழும்பிலிருந்து வரும் பெயர் தெரியாத மென்பொருளை நியூயோர்க்கில் இருப்பவர் ஏன் நம்ப வேண்டும்? நிரலைத் திறந்து காட்டியதே இங்கே நற்சான்றுப் பத்திரமாக இருந்தது என்று கருத இடமுண்டு. அதே 2005இல் தொடங்கி, கொழும்பில் பொறியாளர்களை வைத்து வளர்ந்த ஒரேஞ்ச் எச்.ஆர்.எம். வேறு வழி எடுத்தது. ஆளணி நிர்வாக மென்பொருளின் அடிப்படைப் பதிப்பைத் திறந்துவிட்டு, கூடுதல் வசதிகள் கொண்ட பதிப்பை விற்றது.

இந்த வெற்றிகளை அப்படியே டயகமவுக்குத் தூக்கிவர முடியாது. டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனர்களில் சிலருக்கு ஐ.பி.எம்.மில் வேலை செய்த பெயர் இருந்தது. ஆரம்ப நாட்களிலேயே இன்டெல் கெப்பிட்டலின் முதலீடு வந்தது. வாடிக்கையாளர் உலகெங்கும் இருந்தனர். தோட்டக் கணக்கு மென்பொருளின் சந்தை அப்படிப்பட்டதல்ல. 1992இல் பெருந்தோட்டங்களின் நிர்வாகம் பிரித்துக் கொடுக்கப்பட்ட பிராந்தியக் கம்பனிகள் இருபது சொச்சம்தான். அவற்றில் நான்கு கைநழுவினாலே சிறு தொழில் ஆட்டம் கண்டுவிடும். நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தரும் சிறுதோட்டக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் பெரும்பாலும் தாழ்நாட்டில் இருப்பவர்கள்.

நம் நிலைக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு மும்பையில் இருக்கிறது. குடும்பத்தின் தளபாடத் தொழிலுக்குச் சரியான மென்பொருள் அமையாத அனுபவத்திலிருந்து ருஷப் மேத்தா எழுதத் தொடங்கியது ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற தொழில் நிர்வாக மென்பொருள். அதன் நிரல் முழுவதும் ஜி.பி.எல். உரிமத்தில் திறந்தது. நீண்ட காலம் சிறு குழுவாகவே இருந்து, வழங்கியில் ஏற்றி நடத்திக் கொடுக்கும் சேவையாலும் பங்காளர் கட்டணத்தாலும் காலூன்றியது. இங்கே விற்கப்பட்டது நிரலை நடத்தித் தரும் பொறுப்பு. சிறு தொழிலுக்கு இதுவே எட்டக்கூடிய மாதிரி என்பது என் மதிப்பீடு. பொறுமை நிறையத் தேவைப்படும் மாதிரியும் இதுவே.

பூட்டி வைத்து வளர்ந்தவர்கள்

மறுபக்கச் சான்றும் தமிழரிடையே பெரிது. 1996இல் தொடங்கிய சோஹோ, வெளி முதலீடு வாங்காமல், தன் விற்பனை மென்பொருள்களின் நிரலைத் திறக்காமல், தென்காசி அருகே ஒரு கிராமத்தில் அலுவலகம் அமைக்கும் அளவுக்கு வளர்ந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் தனியுரிமை மென்பொருளாகவே தமிழ்த் தட்டச்சைப் பரப்பியது. இ-கலப்பை திறந்த நிரலாக அதே பணியைச் செய்தது. தமிழுக்கு இரண்டாலும் நன்மை விளைந்தது. நிரலைத் திறக்காத தொழில் வளராது என்று சொல்வோர் இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

திறந்ததை மீண்டும் மூடியவர்கள்

2018இல் மொங்கோ டி.பி., 2021இல் இலாஸ்டிக், 2023இல் ஹாஷிகோர்ப், 2024இல் ரெடிஸ். திறந்த நிரலால் பேர்பெற்ற இந்தக் கம்பனிகள் ஒவ்வொன்றாக உரிமத்தை இறுக்கின. தாம் எழுதியதைப் பெரும் மேகக்கணினிக் கம்பனிகள் எடுத்து வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கின்றன என்பது இவர்களில் பலரின் மனக்குறை. பயனர்களும் போட்டியாளர்களும் பழைய நிரலை எடுத்து ஓபன் சேர்ச், ஓபன் டோஃபு, வேல்கீ என்று தனிக் கிளைகள் பிரித்தார்கள். இலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் ஏ.ஜி.பி.எல். என்ற திறந்த உரிமத்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டன.

இந்த வரலாற்றைக் காட்டிச் சிறு தொழில்களை எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. எச்சரிக்கை ஓரளவே பொருந்தும். அமேசன் வந்து செக்ரோல் மென்பொருளை வாடகைக்கு விடப்போவதில்லை. டயகமக் குழுவுக்கு நேரக்கூடிய ஆபத்து, கொழும்பிலுள்ள ஒரு நடுத்தரக் கம்பனி நிரலை எடுத்து, தன் விற்பனை ஆட்களைக் கொண்டு தோட்டக் கம்பனிகளின் தலைமையகங்களைப் பிடித்துக்கொள்வது. ஏ.ஜி.பி.எல். இருந்தால் திருத்தியதைப் பயனருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்று உரிமம் கட்டாயப்படுத்தும். 2008இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், மாதிரி ரயில் மென்பொருள் எழுதிய ஒரு தனிமனிதரின் வழக்கில், திறந்த உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று தீர்ப்பளித்தது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலைக் காக்கிறது. சட்டம் இருப்பது ஒன்று. டயகமவிலிருந்து கொழும்பு வணிக நீதிமன்றம் வரை வழக்கை நடத்தப் பணம் இருப்பது வேறு.

இதே சட்டத்தோடு ஒட்டிய நடைமுறைச் சிக்கலும் உண்டு. நண்பர்கள் மூவர் ஒப்பந்தம் எழுதாமல் சேர்ந்து எழுதிய நிரல், மூவரின் உரிமையிலும் கிடக்கும். பின்னாளில் ஒருவர் வெளிநாடு போய்விட்டால் அவர் சம்மதம் இல்லாமல் திறப்பது சிக்கலாகும். திறப்பதோ பூட்டுவதோ, முதல் நாளே எழுத்தில் இருப்பது நல்லது.

வாங்குபவரின் அச்சம்

மூன்று பேர் நடத்தும் கடையிடம் மென்பொருள் வாங்குபவர் ஒன்றுக்குப் பயப்படுகிறார்: இவர்கள் கடையை மூடிவிட்டால் என் கணக்கு என்னாகும்? நிரலைத் திறந்து வைப்பது இதற்கு ஒரு பதில். நிரலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைத்து, தொழில் நின்றுபோனால் மட்டும் வாடிக்கையாளர் பெறும்படி ஏற்பாடு செய்வது இன்னொன்று.

பதில் இன்னும் எளிதாகவும் இருக்கலாம். ஈழத்திலும் மலையகத்திலும் தட்டச்சுச் செய்தவர்கள் எவருக்கும் பாமினி எழுத்துரு நினைவிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினியில் அடித்த கடிதத்தைத் திறந்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரும். ஒருங்குறி வந்த பின் எத்தனையோ ஆவணங்களை மாற்றி எடுக்க வேண்டியிருந்தது. அங்கே பூட்டாக இருந்தது தரவு சேமிக்கப்பட்ட முறை. தோட்டக் காரியாலயத்துக்கு இதே பாடம் பொருந்தும். பத்தாண்டுச் செக்ரோலைச் சாதாரண அட்டவணைக் கோப்பாக, ஒருங்குறித் தமிழில், எந்நேரமும் எடுத்துக்கொள்ள வழி இருந்தால், மூலநிரல் கையில் இல்லாவிட்டாலும் அச்சத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

எண்ணப்படுகிறவர் பக்கம்

மேலே சொன்ன விடைகள் எல்லாம் எழுதுபவரையும் வாங்குபவரையும் பற்றியவை. தோட்டத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். மென்பொருளை அவர் வாங்குவதில்லை, இயக்குவதில்லை. அது அவரை எண்ணுகிறது.

மலையில் கொழுந்து நிறுக்கப்படுகிறது. சாக்கின் எடை கழிக்கப்படுகிறது. மழை நாளில் ஈரத்துக்கும் கழிக்கப்படலாம். நாள் முடிவில் கூட்டிய கிலோ, தோட்டம் வைத்த நோர்முக்கு எட்டினால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; எட்டாவிட்டால் அரைப்பேர். மேலே பறித்ததற்குத் தனிக் காசு. நிறுவையில் கிலோ வெட்டப்படுகிறது என்பது மலையகத்தின் மிகப் பழைய முறைப்பாடுகளில் ஒன்று. கணக்கப்பிள்ளையின் கொப்பியில் எழுதிய காலத்தில் எதிரே நின்று கேட்கவாவது ஆள் இருந்தார். இப்போது அந்த இடத்தில் ஒரு கருவி.

ஒரே ஒரு வரி நிரல் என்ன செய்யும் என்று பார்க்கலாம். ஒவ்வொரு நிறுவையிலும் முழுக் கிலோவுக்கு மிஞ்சிய கிராமைத் தள்ளிவிடும்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு நிறுவையில் அரைக் கிலோ போகும். நாளுக்கு மூன்று நிறுவை, மாதம் 25 நாள் என்றால் ஒரு பெண்ணுக்கு 37 கிலோவுக்கு மேல் கணக்கில் வராது. எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க வேண்டிய தேவையே இல்லை. முழு எண்ணில் வைத்தால் அட்டவணை அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தால் போதும்.

கணக்கு மென்பொருளைக் கண்ணை மூடி நம்பியதன் விலையைப் பிரித்தானியா கண்டிருக்கிறது. 1999இல் அங்குள்ள தபாலகங்களில் நுழைந்த ஃபுஜிட்சுவின் 'ஹொரைசன்' மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை வைத்து, 2015 வரை 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார்கள். பலர் சொத்தை இழந்தார்கள். சிலர் சிறை சென்றார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில்தான் தீர்மானித்தது. 2024இல் தனிச் சட்டம் இயற்றியே பெருமளவு தண்டனைகள் நீக்கப்பட்டன.

இதிலிருந்து என் நிலைப்பாடு ஒன்றைத் தெளிவாகவே சொல்கிறேன். ஒரு மனிதரின் கூலியைத் தீர்மானிக்கும் கணக்குப் பகுதி, அந்த மனிதருக்கும் அவர் சார்பில் கேட்பவருக்கும் திறந்திருக்க வேண்டும். எடையிலிருந்து கழிவு, கழிவிலிருந்து பேர், பேரிலிருந்து சம்பளம், சம்பளத்திலிருந்து சேமலாப நிதி என்று போகும் அந்தப் பகுதி சில நூறு வரிகளுக்குள் அடங்கும். அதைத் திறப்பதால் போட்டியாளருக்குப் பெரிய இலாபம் எதுவும் இல்லை. தராசோடு இணைப்பது, சமிக்ஞை கிடைக்காத மலையில் தரவைக் காப்பது, காரியாலயத்துக்குப் பயிற்சி கொடுப்பது, பழுதென்றால் மறுநாள் காலையில் போய் நிற்பது ஆகியவற்றில்தான் சிறு தொழிலின் உண்மையான மூலதனம் இருக்கிறது. அவற்றைத் திறப்பதா என்பது வெறும் வணிக முடிவு. அதை அவர்கள் வசதிப்படி எடுக்கலாம். சிறுதோட்டக்காரரின் பச்சைக் கொழுந்துக்கு விலை போடும் 68க்கு 32 என்ற பங்கீட்டு விகிதம் பகிரங்கமானது. கூலியின் சூத்திரம் மட்டும் பெட்டிக்குள் இருக்க நியாயம் இல்லை.

ஆனாலும் இதன் வரம்பை மறைக்கக் கூடாது. வெளியிட்ட நிரல்தான் தராசில் ஓடுகிறது என்பதற்கு வெளியிட்டதே உத்தரவாதமாகாது. சாக்குக்கு எத்தனை கிராம், ஈரத்துக்கு எத்தனை வீதம் என்பதை நிரல் தீர்மானிப்பதில்லை, தோட்டம் உள்ளிடுகிறது. மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றையும் தனித்தனியே தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுக்கும் ஒரு துண்டுச் சீட்டு, நிரலைத் திறப்பதை விட அதிகம் செய்யக்கூடும். ஹொரைசன் விவகாரத்திலும் உப தபாலதிபர்களுக்கு மறுக்கப்பட்டவற்றில் முக்கியமானவை பிழைப் பதிவேடுகளும் கணக்கின் தடயமுமே.

பொதுச் சொத்தும் அதன் செலவும்

திறந்த அறிவுக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வியை மலையகம் ஒருமுறை சந்தித்து விடையும் கண்டிருக்கிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. அது உருவாக்கிய டி.ஆர்.ஐ. 2025 போன்ற தேயிலை வகைகள் எந்த ஒரு கம்பனியின் தனிச் சொத்தாகவும் ஆகவில்லை. பல தோட்டங்களில் நடப்பட்டன. செலவுக்கு ஏற்றுமதித் தேயிலை மீதான செஸ் வரி வழிசெய்தது. கன்று பொது, தேநீரின் ருசியில் போட்டி. தோட்டக் கணக்கின் பொதுப் பகுதிக்கும் இப்படி ஒரு கூட்டுச் செலவு முறை அமைந்தால், சிறு தொழிலின் தலையில் பராமரிப்புச் சுமை முழுவதும் விழாது. மென்பொருள் உலகில் இதற்கு இணையானவை சிறிய அளவிலேயே உள்ளன. இந்தியப் பங்குத் தரகு நிறுவனமான சேரோதா 2024இல் ஆண்டுக்கு ஒரு மில்லியன் டொலர் என்று அறிவித்த திறந்தமூல நிதி அவற்றில் ஒன்று.

தீராதவை

சில கேள்விகளுக்கு இருக்கும் சான்றுகளை வைத்து முடிவு சொல்ல முடியாது. நிரலைத் திறப்பது சிறு தொழிலின் வருமானத்தைக் கூட்டுமா குறைக்குமா என்பது அவற்றில் முதலாவது. வென்றவர்களின் கதைகளே நமக்குத் தெரிகின்றன. திறந்தும் மூடியும் தோற்றவர்கள் எழுதி வைப்பதில்லை. நிரல் எழுதிக் கொடுக்கும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்த பின், ஒரு மென்பொருளின் வெளித்தோற்றத்தைப் பார்த்தே அதைப் போல இன்னொன்றைச் செய்வது மலிவாகிவருகிறது. அதனால் நிரலைப் பூட்டி வைப்பதன் மதிப்புக் குறையலாம். எழுதும் உழைப்பின் விலையும் கூடவே இறங்கலாம்.

தோட்டக் கம்பனி, கூலிக் கணக்குத் திறந்திருக்கும் மென்பொருளை விரும்பி வாங்குமா? கூட்டு ஒப்பந்தத்திலோ தொழில் திணைக்களத்தின் விதியிலோ அது கேட்கப்படாதவரை, ஒரு சிறு விற்பனையாளர் தனியாக அந்த நிபந்தனையோடு போய் நிற்பது கடினம். திறந்த பின்னும் அதை யார் படிப்பது? நிரலைப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் இன்று மலையகத்தில் இருக்கிறார்கள். தொழிற்சங்கங்களிடம் அவர்களுக்கு ஒரு மேசையும் மாதச் சம்பளமும் இருக்குமா என்பதற்கு இன்னும் விடை இல்லை.